முத்திரை அம்பலவாணரும் பதினேழு ஆட்டு முள்ளந்தண்டும்

புருசன்ர பேரை வாயால சொல்லக் கூடாது எண்டுதான் என்னை வளத்தவை. இந்த மனிசனோட முப்பத்துநாலு வருசம் சீவிச்ச ஒருத்திக்கு அந்தச் சட்டம் செல்லாது. அம்பலவாணர். சொல்லிப்போட்டன், என்ன நடந்தது? ஒண்டும் இடிஞ்சு விழேல்லை.

எங்கட மடத்துவெளியில மட்டுமில்லை, புங்குடுதீவு முழுக்க முத்திரை அம்பலவாணர் எண்டாத்தான் ஆளைத் தெரியும். நிறை அளவைப் பரிசோதகர் உத்தியோகம். தீவுப்பகுதிக் கடையள் எல்லாம் ஏறி இறங்கி, தராசையும் படிக்கல்லையும் சோதிப்பார். சரியெண்டா முத்திரை குத்துவார். பிழையெண்டா பறிச்சுக்கொண்டு வருவார். இவர் சந்தியில பஸ்ஸால இறங்கினா கடைக்காரர் எழும்பி நிண்டு தராசைத் துடைக்கத் தொடங்குவினம். அரை அவுன்சுக்கும் ஆளை விடமாட்டார். கலியாணத்தண்டு மணவறையில ஐயர் தாலிக்கொடியை எடுத்துக் குடுக்க, இவர் கட்டுறதுக்கு முன்னம் உள்ளங்கையில ஏந்தி ஒருக்கா மேலையும் கீழையும் ஆட்டிப் பாத்தவர். என்ர அப்பு அதைக் கண்டுபோட்டுச் சாகுமட்டும் சொல்லிச் சொல்லி ஏசினவர்.

இப்பிடிப்பட்ட மனிசனுக்கு அறுபத்தேழாம் ஆண்டு கார்த்திகையில ஊர்காவற்றுறையில ஒரு கடைக்குள்ள வைச்சு முதுகு பிடிச்சுப்போட்டுது. அரை அந்தர், அதாவது அம்பத்தாறு இறாத்தல் படிக்கல்லைக் குனிஞ்சு தூக்கினவராம். தூக்கினது தூக்கினபடி, நிமிர ஏலாமல், கல்லையும் விடாமல், அப்பிடியே நிண்டவராம். நாலு பேராப் பிடிச்சு வானில ஏத்திக் கொண்டுவந்து வாசலில இறக்கினவை. நான் தலையில கையை வைச்சு ஐயோ எண்டு குளற, மனிசன் முனகி முனகிச் சொன்ன முதல் கதை என்ன தெரியுமோ? "யோகம், அந்தக் கல்லு சரியான நிறை தான்." பிழையான கல்லெண்டாலாவது அதைப் பறிச்ச ஆறுதல் இருந்திருக்கும்.

ரெண்டு கிழமை போக யாழ்ப்பாணத்தில ஒரு பெரிய டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனனான். சீமையில படிச்ச மனிசன், அமைதியான சுபாவம். எக்ஸ்ரேப் படத்தை வெளிச்சத்தில பிடிச்சு எங்களுக்குக் காட்டினார்.

"முள்ளந்தண்டில ரெண்டு எலும்புக்கு நடுவில மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கு. உங்கட தட்டொண்டு பின்பக்கமாப் பிதுங்கி நரம்பை இடிக்குது. பலகையில படுங்கோ. இனிப் பாரம் தூக்கப்படாது."

"எவ்வளவு பாரம்?" எண்டார் இவர்.

"பாரமெண்டாப் பாரம்தான்."

"இறாத்தலில சொல்லுங்கோ டொக்டர்."

டொக்டர் சிரிச்சுப்போட்டார். "அதை ஆர் நிறுத்துப் பாத்தது? ஒவ்வொருத்தற்ற தட்டும் ஒவ்வொரு மாதிரி."

அவ்வளவுதான். சனி பிடிச்சுது. பஸ்ஸில வரேக்க, ஒவ்வொரு ரோட்டுக் கிடங்குக்கும் ஐயோ அம்மா எண்டு கத்திக்கொண்டு, நடுநடுவில எனக்குப் பிரசங்கம். "பாரும் யோகம், உலகத்தில உள்ள சனம் முழுக்க எவ்வளவு தாங்கும் எண்டு தெரியாத சாமானை முதுகில வைச்சுக்கொண்டு திரியுது. ஒரு வள்ளத்துப் பலகைக்கும் கணக்கிருக்கு. வண்டில் அச்சுக்குக் கணக்கிருக்கு. இதுக்கு இல்லையாம்!"

நான் சொன்னன், "பாரம் தூக்காதேங்கோ எண்டா தூக்காமல் விடுங்கோவன். அதுக்கேன் உவ்வளவு கதை?"

அப்பிடிச் சொன்னாலும் எனக்கு விளங்கினதுதான். அந்த மனிசன் தேடினது இறாத்தல் கணக்கை இல்லை. எலி வாகனத்தை.

எங்கட குறிச்சிப் பிள்ளையாருக்கு வைகாசியில பத்து நாள் திருவிழா. பின்னேரப் பூசை முடிய எலி வாகனத்தில சுவாமி வெளிவீதி சுத்துவார். பதினாறு பேர் காவ வேணும். முன்தண்டு வலப்பக்கம் இவற்ற பரம்பரைக்கு உரிய இடம். பாட்டன், பேந்து தகப்பன், பேந்து இவர். ஒரு வருசம் தோள் குடுக்காமல் விட்டா அடுத்த பங்காளிக்கு இடம் போயிடும். போனாத் திரும்பாது. எங்களுக்கு ஒரே பெட்டை, அவளும் கலியாணங் கட்டி நாரந்தனையில இருக்கிறாள். அடுத்த பங்காளி ஆரெண்டா இவற்ற சித்தப்பாவின்ர மோன் தம்பிராசா. தம்பிராசா வருத்தம் பாக்க ஒரு சீப்பு வாழைப்பழத்தோட வந்தவன். வந்து கதிரையில இருந்து கேட்ட முதல் கேள்வி, "அண்ணை, வைகாசிக்கு எப்பிடி?" முதுகு எப்பிடி எண்டு போகேக்கதான் கேட்டவன்.

அவன் படலையைத் தாண்ட முந்தி இவர் சுவரைப் பிடிச்சு எழும்பி நிண்டு சொன்னார், "யோகம், நான் என்ர தட்டுக்குக் கணக்கெடுக்கப்போறன்."

கணக்கெடுக்கிறதெண்டா மனிசற்ற தட்டை எங்கை வாங்கிறது? ஆட்டின்ர தட்டு எண்டு முடிவெடுத்தார். நாங்கள் பச்சைச் சைவம். என்ர குசினிக்குள்ள முட்டைக்கோது வந்தறியாது. இவர் ஊர்காவற்றுறையில இறைச்சிக்கடை வைச்சிருக்கிற கிறிஸ்தோப்பருக்கு ஆள் விட்டுச் சொல்லுவிச்சார்: ஆடு வெட்டுற நாளில முள்ளந்தண்டு வேணும், இறைச்சி வேண்டாம். கிறிஸ்தோப்பர் பயந்துபோனானாம். பரிசோதகர் ஐயா ஏதோ நூதனமாத் தன்ர தராசைச் சோதிக்கிறார் எண்டு நினைச்சு, அண்டு தொடக்கம் சனத்துக்கு இறாத்தலுக்கு ரெண்டு அவுன்சு கூடப் போட்டுக் குடுத்தவன். அந்த வருசம் ஊர்காவற்றுறையார் நல்லா இறைச்சி திண்டவை. அதுக்குப் புண்ணியம் என்ர மனிசனுக்கு.

தேக்கிலையில சுத்தின பொட்டலத்தோட கிறிஸ்தோப்பர் சைக்கிளில வந்து, பின்வேலியடியில மணி அடிப்பான். நான் மூக்கைச் சீலைத் தலைப்பால பொத்திக்கொண்டு கவைத்தடியால வாங்கி, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால வைப்பன். கண்டறியாத பரிசோதனை! பசு மாடு கூட அந்தப் பக்கம் திரும்பிப் படுக்காது.

பரிசோதனை இதுதான். எலும்பு, நடுவில தட்டு, திரும்ப எலும்பு, இவ்வளவையும் ஒரு துண்டா வாளால அரிஞ்சு எடுக்கிறது. அதை ஒரு தகரப்பேணிக்குள்ள தண்ணிவிட்டு நிமித்தி வைக்கிறது. மேல நீளப் பனஞ்சலாகை ஒண்டு, துலா மாதிரி. அதில முத்திரை குத்தின படிக்கல்லுகளைத் தொங்கவிட்டா பாரம் தட்டை அமத்தும். சலாகையின்ர நுனியில ஒரு ஊசி. தட்டு மயிரிழை இறங்கினாலும் ஊசி கடதாசியில ஒரு கோடு இறங்கும். ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ஊசி எங்கை நிக்குதெண்டு கொப்பியில எழுத வேணும்.

ஆர் எழுதுறது? தைப்பொங்கலோட மனிசன் கந்தோருக்குப் போகத் தொடங்கிட்டார். அப்ப நான்தான். உலை கொதிக்குது, ஓடிப்போய் ஊசியைப் பார். கறி அடிப்பிடிக்குது, ஓடிப்போய் ஊசியைப் பார். பக்கத்து வீட்டு நாகமுத்து வேலிக்கு மேலால கேப்பாள், "அக்கா, ஏன் இண்டைக்கு விடியத் தொடக்கம் கொட்டிலுக்கு ஓடித்திரியிறியள், மாடு கண்டு போடப் போகுதே?"

ஆனா ஒண்டு சொல்லவேணும். நாள் போகப்போக எனக்கே அதில ஒரு பிடிப்பு வந்திட்டுது. கல்லைத் தொங்கவிட்டவுடன தட்டு கொஞ்சம் இறங்கும், அது ஆருக்கும் தெரியும். ஆனா அதோட நிக்காது. பேந்தும் மெல்ல மெல்ல, ஒரு மணித்தியாலமா இறங்கிக்கொண்டே இருக்கும், ஏதோ யோசிச்சு யோசிச்சு இறங்குறது மாதிரி. கல்லை எடுத்துப்போட்டா உடன எழும்பாது. தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு ஆறுதலா எழும்பும். நான் அதைப் பாத்துக்கொண்டு நிண்டு ரெண்டு தரம் சோத்தைக் கரியாக்கினனான். அளவுக்கு மிஞ்சிப் பாரம் போட்டா மட்டும் அண்டைக்கு முழுக்க எழும்பாது. அந்த அளவு எது எண்டுதான் இவர் தேடினது.

ஒரு தட்டை இவர் சவர அலகால குறுக்க வெட்டினார். நான் அஞ்சடி தள்ளி நிண்டுதான் பாத்தனான். நடுவில நுங்கு மாதிரி ஒரு களி. சுத்திவர அடுக்கடுக்கா நார். ஒரு அடுக்கு நார் இந்தப் பக்கம் சரிவு, அடுத்த அடுக்கு மற்றப் பக்கம் சரிவு.

"உது ஓலைக் கடகம் இழைச்ச மாதிரியெல்லோ இருக்கு!" எண்டு என்னை அறியாமல் சொல்லிப்போட்டன்.

மனிசன் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். கலியாணங் கட்டி இருபத்திரண்டு வருசத்தில அப்பிடி ஒரு பார்வை பாக்கேல்லை. "யோகம், அப்பிடியொண்டு இழைச்சுத் தாரும்" எண்டார்.

சார்வோலையை வார்ந்து, உள்ளங்கை அகலத்தில அடியில்லாத ஒரு குட்டிக் கடகம் இழைச்சன், ரெட்டைச் சுவர், சரிவு மாறி மாறி. நடுவில நுங்கை வழிச்சு, சைக்கிள் ரியூப்புத் துண்டுக்குள்ள அடைச்சுக் கட்டி வைச்சம். மேலயும் கீழயும் பலகை. நேரா அமத்தினா அரை அந்தரையும் தாங்குது, அசையுதில்லை. முன்பக்கம் சரிச்சு அமத்தினா, களி பின்பக்கம் தள்ளி அங்க இழை விரியுது. "இதுதான் நடந்தது! நிமிந்து சுமந்தாப் பிழையில்லை, குனிஞ்சு தூக்கினதுதான் பிழை!" எண்டு மனிசன் துள்ளினார். துள்ளக் கூடாதெண்டு டொக்டர் சொன்னதும் மறந்துபோச்சு. கொப்பியில அந்தப் பக்கத்துக்குக் கீழ "இழைத்தது: யோ." எண்டு எழுதினவர். என்ர பேற்ற முதல் எழுத்தை ஒரு கொப்பியில கண்டது அதுதான் முதல் தரம். எனக்குச் சரியான சந்தோசம், ஆனா காட்டிக்கொள்ளேல்லை.

அந்த நேரம் பாத்துத் தம்பிராசா வந்து சேந்தான். கோவிலுக்குப் போற வெள்ளை வேட்டி, சால்வை. "என்ன அண்ணை புதினம்?" எண்டு கொட்டிலுக்குள்ள தலையை நீட்டினான். இவர் உற்சாகத்தில "இஞ்ச பாரும்" எண்டு இன்னும் ஒரு கல்லைச் சரிவில ஏத்தினார். பட்டீரெண்டு ரியூப் வெடிச்சுது. களி முழுக்க அவன்ர நெஞ்சிலயும் வேட்டியிலயும்.

"என்ன அண்ணை இது!"

"பயப்பிடாதையும், நுங்கு."

நுங்கெண்டு சொன்னா ஆர் நம்புறது? கொட்டில் கூரை வளையில ஆட்டு முள்ளந்தண்டுகள் வரிசையாத் தொங்குது. தம்பிராசா கண்ணை மூடிப் பிள்ளையாரே எண்டவன், போட்ட செருப்பையும் விட்டிட்டு ஓடினான்.

பங்குனியில கோவிலில கூட்டம். தம்பிராசா எழும்பி, ஒரு காவுகாரர் வீட்டில ஆட்டெலும்பு இருக்கிறதாக் கேள்வி, மச்சமாமிசம் புழங்கிற கையால சுவாமிக்குத் தோள் குடுக்கலாமோ எண்டு கேட்டான். தலைவர் விநாயகமூர்த்தி வாத்தியார் சங்கடப்பட்டுக்கொண்டு இவரைப் பாத்தார். "அம்பலவாணர், உங்கட வளவில ஆட்டெலும்பு இருக்கோ?"

பொய் சொல்லத் தெரியாத பிறவி. எழும்பி, "ஓம், பதினேழு" எண்டார்.

பொம்பிளையள் பக்கத்தில இருந்து நான் வாய் திறந்திருக்கக் கூடாது. திறந்தன். "பதினேழிலயும் ஒரு துண்டு இவற்ற வாய்க்குள்ள போகேல்லை! தோளுக்கு இடம் வேணுமெண்டுதான் இந்த மனிசன் நாலு மாசமா உந்த நாத்தத்துக்குள்ள கிடக்குது. வாய்க்குள்ள போன ஆக்கள் ஆரெண்டு கிறிஸ்தோப்பரைக் கேட்டாச் சொல்லுவான், கூப்பிடட்டே?" கூட்டத்தில கனபேர் நிலத்தைப் பாத்தவை. தம்பிராசா மேல வளையைப் பாத்தான். கடைசியில வாத்தியார், எலும்பெல்லாத்தையும் தாட்டுப்போட்டு, திருவிழாவுக்கு முன்னம் ஒரு மண்டலம் விரதம் இருந்தாச் சரி, ஆனா பாரம் காவலாம் எண்டு டொக்டர் ஒரு துண்டு எழுதித் தரவேணும் எண்டு தீர்த்தார்.

அதுக்குள்ள கணக்கும் முடிஞ்சுது. ஆட்டுத் தட்டு முக்கால் அந்தரை ஒரு மணித்தியாலம் தாங்கி, பேந்து பழைய உயரத்துக்கு வருகுது. மட்டையில ஆட்டுத் தட்டின்ர அளவையும் மனிசத் தட்டின்ர அளவையும் வெட்டி, ரெண்டு மட்டையையும் நிறுத்துப் பாத்து, எங்கட தட்டு நாலு மடங்கு எண்டு கண்டுபிடிச்சார். பழுதான தட்டெண்டு அதைப் பாதியாக்கினார். மேலுடம்பின்ர பாரம், தசை இழுக்கிற பாரம் எல்லாத்தையும் கழிச்சார். மிச்சம் நாப்பத்தைஞ்சு இறாத்தல், நிமிந்தபடி, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம். வாகனமும் சுவாமியுமா ஆறு அந்தர் எண்டு வாகனம் செய்த ஆசாரியாரிட்டக் கேட்டறிஞ்சவர். சுவாமியை ஒருக்கா நிறுத்தும் பாக்கிறதுதானே எண்டு நான் பகிடி விட, "அவர் என்ர பிரிவுக்குள்ள இல்லை" எண்டார், சிரிக்காமல். ஆறு அந்தரைப் பதினாறு தோளுக்குப் பிரிச்சா ஆளுக்கு நாப்பத்திரண்டு இறாத்தல். வீதி சுத்த முக்கால் மணித்தியாலம். காவலாம்! மனிசன் கொப்பியை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரிச்சார்.

சித்திரைக் கடைசியில கொப்பியோட திரும்ப டொக்டரிட்டப் போனம். டொக்டர் முதலில சிரிச்சுக்கொண்டுதான் விரிச்சார். பேந்து கண்ணாடியைப் போட்டார். பேந்து வெளியில நிண்ட வருத்தக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். முழுக்க வாசிச்சு முடிச்சு ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி, அம்பலவாணர். தட்டை என்ன தண்ணிக்குள்ள வைச்சனீங்கள்?"

"நல்ல தண்ணி," எண்டார் இவர், பெருமையா. "வீட்டுக் கிணறு உவர். நல்ல தண்ணிக் கிணறு அரைக் கட்டை, அரை மைல் தூரத்தில இருக்கு. சுத்தமான தண்ணிதான் வைக்க வேணுமெண்டு மனிசிக்குச் சொல்லி வைச்சனான்."

டொக்டற்ற முகம் மாறிச்சுது. "அப்பிடியெண்டா முழுக்கப் பிழையெல்லோ. உடம்புக்குள்ள இருக்கிறது உப்புக் கரைஞ்ச தண்ணி. நல்ல தண்ணிக்குள்ள வைச்சாத் தட்டு ஊதிப் பொருமிப்போகும், கணக்கு நிக்காது." கொப்பியைத் திரும்பப் புரட்டினார். "ஆனா உங்கட தட்டுகள் ஊதினதாக் காணேல்லையே. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

இவற்ற முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு எனக்கு. நாலு மாசம். பதினேழு முள்ளந்தண்டு.

வேற வழியில்லை. சொன்னன். "டொக்டர், நான் நல்ல தண்ணி விடேல்லை. வீட்டுக் கிணத்து உவர்த்தண்ணிதான் விட்டனான். ஒரு நாளும் நல்ல தண்ணி விடேல்லை."

இவர் என்ர பக்கம் திரும்பினார். கள்ளத் தராசோட பிடிபட்ட கடைக்காரனைப் பாக்கிற பார்வை.

டொக்டர் மேசையில தட்டிச் சிரிச்சார். "உவர்த்தண்ணியோ! அதுதானே! அம்மா, நீங்கள்தான் சரியாச் செய்திருக்கிறியள். சீமையில இதைச் செய்யிறவங்கள் உப்பை நிறுத்துக் கலக்கிறவங்கள், நீங்கள் கிணத்திலயே அள்ளிப்போட்டியள்." துண்டும் எழுதித் தந்தார்: நிமிந்தபடி, நாப்பத்தைஞ்சு இறாத்தல், ஒரு மணித்தியாலம், அதுக்கு மேல கூடாது. கீழ கையெழுத்து, முத்திரை.

திரும்பி வரேக்க பஸ்ஸில கிடங்குக்குக் கூட மனிசன் கத்தேல்லை. வீட்டுக்குள்ள வந்து சால்வையைக் கழட்டினவுடன தொடங்கினார்.

"நீர் என்னை ஏமாத்திப்போட்டீர்! நல்ல தண்ணி எண்டு சொன்னனானெல்லோ? அளவையில பொய் செய்தது என்ர வீட்டுக்குள்ளயே! சரியா வந்தது உம்மட கெட்டித்தனமில்லை, தற்செயல்!"

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. "ஓம், தற்செயல்தான்! செத்த ஆட்டெலும்புக்கு ஊத்தவோ நான் அரைக் கட்டை நடந்து தண்ணி கொண்டு வாறது? ஒரு நாளைக்கு நாலு குடம்! வெய்யிலுக்கும் மழைக்கும் இருபத்திரண்டு வருசம்! காலமை பாயால எழும்பேக்க எனக்கும் இடுப்புப் பிடிக்கிறதுதான், ஆருக்குச் சொன்னனான்? உங்களுக்கு ஒரு கல்லைத் தூக்கிப் பிடிச்சவுடன டொக்டர், எக்ஸ்ரே, கொப்பி! நல்ல தண்ணி நல்ல தண்ணி எண்டு கதைக்க வந்திட்டார். அந்தக் குடத்தை ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ பாப்பம்!"

சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போய் அழுதனான். கொஞ்ச நேரத்தில குசினி வாசலில கிறீச்செண்டு ஒரு சத்தம். எட்டிப் பாத்தா, மனிசன் வளையில சுருள்வில் வைச்ச விற்றராசைக் கொழுவி, தண்ணி நிறைஞ்ச என்ர பித்தளைக் குடத்தை அதில தூக்கித் தொங்கவிட்டிருக்கிறார். நிமிந்தபடி, முழங்காலை மடிச்சுத்தான் தூக்கினவர், அதைச் சொல்லவேணும்.

"முப்பத்தெட்டு இறாத்தல்," எண்டார். பேந்து என்னை வரச்சொல்லி, குடத்தை இடுப்பில வைக்கச் சொன்னார். நான் வைச்சன். நான் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கிறதை நெடுகப் பாத்துக்கொண்டு நிண்டார். தன்ர விரலால என்ர முதுகில இருந்து குடத்தின்ர நடுவுக்கு அளந்தார். "சரிஞ்ச பாரம். துலாவின்ர நுனியில தூக்கின மாதிரி. ரெட்டிப்பு, எழுபத்தாறு."

கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார், வெட்டினார், திரும்ப எழுதினார். பேந்து மூடி வைச்சார்.

அடுத்த நாள் காலமை பாத்தா, மனிசன் பழைய காவுதடி ஒண்டைத் துடைச்சு, ரெண்டு பக்கமும் ரெண்டு தகரம் கட்டிக்கொண்டிருக்கிறார். ரெண்டு தகரமும் தண்ணியோட சேர்த்து நாப்பத்தைஞ்சு இறாத்தலுக்கு நிறுத்து, மட்டத்துக்குக் கோடு கீறியிருக்கு.

"என்ன கோதாரி இது?"

"மூண்டு நடை. திரும்பி வரேக்கதான் பாரம், மூண்டுக்கும் சேர்த்துத் தோளில முக்கால் மணித்தியாலம். இனித் தண்ணி நான்தான்."

"விசரே உங்களுக்கு? டொக்டர் தந்தது ஒரு மணித்தியாலம். பின்னேரம் சுவாமி காவுறதுக்கு?"

"ஏலாது," எண்டார். என்ர முகத்தைப் பாக்கேல்லை. "ரெண்டும் சேர்த்தா ஒண்டரை மணித்தியாலம். கணக்கு ஒண்டைத்தான் விடுது."

"திருவிழாப் பத்து நாளும் நான் அள்ளிறன். இருபத்திரண்டு வருசம் அள்ளின எனக்குப் பத்து நாள் பெரிசே?" எண்டன். மண்டாடினன். சண்டை பிடிச்சன். பாட்டன்ர இடம், தகப்பன்ர இடம், தம்பிராசா பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிப்பான் எண்டு சொல்லிப் பாத்தன். கேட்டாத்தானே!

"முப்பது வருசமா அரை அவுன்சுக்குக் கடையைப் பூட்டினனான்," எண்டார். "என்ர வீட்டுக்குள்ள இந்தளவு கள்ள நிறை ஓடினதை நான் காணேல்லை. கதைக்காதையும்."

கொடியேறின அண்டைக்குத் தம்பிராசா முன்தண்டு வலப்பக்கம் தோள் குடுத்தான். இவர் கூட்டத்தோட கூட்டமா, கையைக் கூப்பிக்கொண்டு வீதியோரம் நிண்டார். எலி வாகனம் இவருக்கு முன்னால வந்து திரும்பேக்க, இவற்ற வலத்தோள் தன்ர பாட்டுக்கு மேல எழும்பினதை நான் பொம்பிளையள் பக்கத்தில நிண்டு கண்டனான். கண்ணால தண்ணி ஓடிச்சுது அவருக்கு. எனக்கும்தான். அந்த நேரம் நான் பிள்ளையாரைக் கும்பிடேல்லை. இந்த மனிசனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.

அதுக்கு முந்தி, இவர் முதல் நாள் காவுதடியோட போன விடிய, நல்ல தண்ணிக் கிணத்தடியில பொம்பிளையள் எல்லாரும் குடத்தைக் கீழ வைச்சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிண்டவை. ஆட்டெலும்புக்கு வராத சிரிப்பு அண்டைக்கு வந்தது. "என்னண்ணை, அக்காவுக்குச் சுகமில்லையே?" எண்டாள் நாகமுத்து. "நல்ல சுகம் பிள்ளை," எண்டு சொல்லிப்போட்டு, நிமிந்தபடி, தகரம் தளும்பாமல் நடந்து வந்தார். ஊர் ஒரு வருசம் சிரிச்சு ஓய்ஞ்சுது. அண்டைக்குத் தோளில வைச்ச காவுதடியை மனிசன் இண்டைக்கும் இறக்கேல்லை.

நாலாம் திருவிழாவண்டு காலமை தம்பிராசா வந்தான். படலையைத் திறந்து உள்ளுக்கு வர அரை மணித்தியாலம். ஒரு கை இடுப்பில, மற்றக் கை வேலியில. முதல் மூண்டு நாளும் சுவாமியை இறக்கேக்க இடுப்பை வளைச்சுக் குனிஞ்சு இறக்கினவனாம்.

"அண்ணை," எண்டான், அழாக்குறையா. "உங்கட அந்தக் கொப்பி எங்கை? எனக்கு எவ்வளவு பாரம் ஏலுமெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

இவர் காவுதடியை மெல்ல இறக்கி வைச்சார். உள்ளுக்குப் போய் விற்றராசை எடுத்துக்கொண்டு வந்து வளையில கொழுவினார்.

"உம்மட கணக்குப் பேந்து," எண்டார். "முதல்ல போய் உம்மட மனிசின்ர குடத்தைக் கொண்டு வாரும்."